நடனப் பொறுப்பு உங்களுக்கா? தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு உயர்நிலைப் பள்ளியில் நடன ஆசிரியர் என்றொரு பணியிடம் கிடையாது. ஓவியத்துக்கு உண்டு, தையலுக்கு உண்டு, இசைக்கும் உடற்கல்விக்கும் உண்டு. அவையும் எல்லாப் பள்ளிகளிலும் நிரம்பியிருக்காது. நடனம் யாருடைய பாடவேளையிலும் இல்லை. ஆனால் பள்ளிகளுக்கிடையே நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்த மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் குழு நடனத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். எல்லோருக்கும் திடீரென்று திருத்த வேண்டிய நோட்டுகள் நினைவுக்கு வரும். கடைசியில், இடமாறுதல் கலந்தாய்வில் புதிதாக வந்து சேர்ந்தவர் யாரோ அவர் பெயரை எழுதிவிடுவார்கள். அந்தப் பெயர் உங்களுடையது என்றால் மேலே படியுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியை. எனக்கு ஆட வராது. முதலில் தருமபுரி மாவட்டத்திலும் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் குழந்தைகளை மேடையேற்றிய அனுபவம்தான் இருக்கிறது. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் கிடைப்பார். காகிதம், பணம், பஸ், தேதி ஆகிய நான்கையும் கட்டி மேய்க்க ஆள் கிடைக்க மாட்டார். அதுதான் நம் வேலை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொருவரும் இதை முதலிலிருந்து தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்வதைப் பார்த்துச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

1. பொறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள்

"நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்பது உத்தரவு ஆகாது. ஆசிரியர் கூட்டத் தீர்மானப் பதிவேட்டில் உங்கள் பெயர், உடன் இருக்கும் இன்னோர் ஆசிரியர் பெயர், பயிற்சி நேரம் மூன்றையும் எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்குங்கள். குழுவில் ஒரே ஒரு மாணவி இருந்தாலும் பொறுப்பாளர்களில் ஒருவர் ஆசிரியையாக இருக்க வேண்டும். நீங்கள் ஆண் ஆசிரியர் என்றால் இதை முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தைய மாலையில் துணைக்கு வர ஆசிரியை இல்லை என்று கையைப் பிசையும் பள்ளிகள் ஆண்டுதோறும் உண்டு.

எழுத்தில் இருந்தால் என்ன பயன்? வெளியூர் போகும் நாளையும் பணி நாளாகக் கணக்கிடும் ஓ.டி. (ஆன் டூட்டி) கேட்பதற்கு அதுதான் அடிப்படை. மாலைப் பயிற்சியில் ஒரு குழந்தைக்குக் கால் சுளுக்கினால், பள்ளி அனுமதியோடுதான் பயிற்சி நடந்தது என்று காட்டவும் அது வேண்டும்.

2. தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முக்கியமானது பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா. 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும். பொதுவாக 6 முதல் 8, 9-10, 11-12 வகுப்புகள் எனத் தனித்தனிப் பிரிவுகள். மாநில அளவில் சிறந்து விளங்குவோருக்குக் கலையரசன், கலையரசி பட்டம்.

இதன் தேதி ஆண்டுக்காண்டு நகரும். 2022இல் பள்ளி அளவிலான போட்டியே நவம்பரில்தான் நடந்தது. 2024இல் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. "போன வருஷம் அக்டோபரில்தானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜூலை முடிவதற்குள் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, என்ன ஆடப்போகிறோம் என்பதையும் முடிவு செய்துவிட்டால் சுற்றறிக்கை எப்போது வந்தாலும் பதற வேண்டியதில்லை.

இரண்டாவது, மத்தியக் கல்வி அமைச்சகம் 2015 முதல் நடத்தும் கலா உத்சவ். இது 9 முதல் 12 வகுப்பு மாணவர்களுக்கு. இதன் விதிகள் வேறு, கலைத் திருவிழா விதிகள் வேறு. ஒன்றுக்குத் தயாரித்த ஆட்டத்தை அப்படியே மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியுமா என்பதை நேரக் கட்டுப்பாடு, ஆள் எண்ணிக்கை, பாட்டு ஒலிப்பதிவா நேரடி இசையா என்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆண்டு விழா, குடியரசு தின விழா எல்லாம் இதே ஆட்டத்தை வைத்துச் சமாளித்துவிடலாம்.

இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அந்த இரண்டு வாரம் பயிற்சி என்று வாயைத் திறந்தால் சக ஆசிரியர்களின் பகை வந்து சேரும். அடுத்து, அக்டோபர், நவம்பர் மழை. நம் பள்ளிகள் பலவற்றில் கலையரங்கம் இல்லை, முற்றம்தான். மழைக்கு ஒதுங்க எந்த வகுப்பறை, அதன் சாவி யாரிடம் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

3. குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும்போது வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்

நன்றாக ஆடும் குழந்தை எது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நவம்பர்வரை பள்ளிக்கு வரும் குழந்தை எது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். பென்னாகரம், ஏரியூர், அரூர் பக்கம் பல குடும்பங்கள் வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்த் திரும்புகின்றன. பாட்டி வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளை தீபாவளிக்கு அப்பா அம்மாவிடம் போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. வகுப்பாசிரியரைக் கேட்டால் அவருக்கு எல்லாம் தெரியும்.

விதிமுறை எத்தனை பேரை அனுமதிக்கிறதோ அதைவிட இரண்டு பேரைக் கூடுதலாகப் பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரிடமும் அவர்கள் பெற்றோரிடமும் "நீங்கள் மாற்று ஆட்கள், மேடை ஏறாமலும் போகலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

பத்தாம் வகுப்பு மாணவரைச் சேர்ப்பதா வேண்டாமா? பிரிவு 9-10 என்பதால் ஆசை வரும். என் கருத்து: பெற்றோர் நேரில் வந்து சம்மதம் சொன்னால் மட்டும் சேருங்கள். ஆட்டத்தின் முதுகெலும்பை ஒன்பதாம் வகுப்பில் வையுங்கள். அரையாண்டில் மதிப்பெண் குறைந்தால் பழி உங்கள் மேல்தான் விழும்.

பெண் குழந்தைகளின் வீட்டில் வரும் மறுப்புக்கு நடனம் காரணமாக இருப்பது குறைவு. வீடு திரும்ப நேரமாகும் என்பதும், வீடியோ எடுத்து எங்கோ போட்டுவிடுவார்கள் என்பதும்தான் அவர்கள் பயம். இரண்டும் நியாயமான பயம். முதலாவதற்கு, அந்த ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு அதற்கு ஏற்பப் பயிற்சியை முடியுங்கள். சித்தேரி மலைப் பக்கமும் அஞ்செட்டிப் பக்கமும் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது கிடைப்பது நிச்சயமில்லை. மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என்று பிரித்தால் போதும். இரண்டாவதற்கு, பயிற்சி இடத்தில் உங்கள் போனைத் தவிர வேறு போன் கூடாது என்று விதி போட்டு, அதை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். மறுத்த அப்பாக்கள் சிலர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

4. எதை ஆடுவது?

இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் வழுக்குகின்றன. யூடியூப்பில் பார்த்த ஏதோ ஒரு கரகாட்டத்தை நகல் எடுப்பார்கள். வட்டாரப் போட்டியில் அதே பாட்டுக்கு அதே அசைவுடன் நான்கு பள்ளிகள் வரிசையாக ஆடும். நடுவர்கள் கொட்டாவி விடுவதை நீங்களே பார்க்கலாம்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் கலை இருக்கிறது. கிராமங்களில் இன்றும் பாரதம் படித்து, இரவு முழுக்கக் கூத்து நடத்தி, கடைசி நாளில் துரியோதனன் படுகளம் வைக்கிறார்கள். உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பையனுடைய மாமாவோ தாத்தாவோ அர்ச்சுனன் வேடம் கட்டியவராக இருப்பார். அம்மன் திருவிழாவில் பம்பையும் கைச்சிலம்பும் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளில் கோலாட்டம் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். கும்மி தெரியாத ஊரே இல்லை.

குழந்தைகளிடம் "உங்கள் ஊர்த் திருவிழாவில் யார் என்ன ஆடுவார்கள்?" என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். அந்தத் தாள்களில் ஆட்டமும் இருக்கும், பயிற்றுநரும் இருப்பார்.

கூத்து அடவுகளை, அதாவது கூத்தின் ஆட்ட அசைவுகளை, தேர்ந்தெடுத்தால் சில நடைமுறைச் சங்கடங்கள் வரும். கூத்தில் கிறுக்கி என்று ஒன்று உண்டு: வேடக்காரர் மேடையைச் சுற்றிச் சுழன்றுகொண்டே வருவது. பார்க்க அள்ளிக்கொண்டு போகும். ஆனால் நம் பள்ளிச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு இதைப் பழகினால் மூன்றாம் நாளே குதிகால் தோல் உரிந்து, கட்டை விரலுக்கு அடியில் கொப்புளம் வந்துவிடும். தரையில் மண் இருக்கும் இடமாகப் பாருங்கள். சிமெண்ட்தான் கதி என்றால் பழைய ஜமக்காளத்தை விரிக்காதீர்கள். அது சுருண்டு காலை வாரும். சுழற்சியை முதல் வாரத்தில் நாளைக்குப் பத்து முறைக்குமேல் வைக்காதீர்கள். கூத்து வாத்தியார் ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பால் தரையில் ஒரு வட்டம் போட்டு, எதிரே சுவரில் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் கண் முதலில் அந்தப் புள்ளிக்கு வர வேண்டும் என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் தலை சுற்றவில்லை.

கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரத்தில் கண்ணாடிச் சில்லு பதித்துச் செய்தவை. பெரியவர்களுக்கு அளவெடுத்தவை, கனமானவை. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு சுற்றினால் நழுவும். அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்யுங்கள். ஓவிய ஆசிரியர் இருந்தால் இதில் அவரை இழுத்துப் போடுங்கள்.

பரதநாட்டியம் ஏற்கனவே கற்கும் குழந்தை இருந்தால் தனி நடனத்தில் விடுங்கள். மூன்று மாதத்தில் புதிதாகக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

திரைப்பாட்டு வேண்டவே வேண்டாம். நாட்டுப்புறப் பிரிவில் நாட்டுப்புறம் போல ஒலிக்கும் திரைப்பாட்டும் ஆபத்து. ஊர்ப் பாட்டை ஊராரையே பாடச் சொல்லிப் பதிவு செய்வது எளிது, செலவும் இல்லை.

5. வெளியிலிருந்து பயிற்றுநரை அழைக்கும்போது

எது குறைந்தாலும் இதில் மட்டும் குறை வைக்காதீர்கள். 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, வெளியாள் என்றாலே பெற்றோரும் அதிகாரிகளும் கூர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். "தெரிந்தவர்தான், நல்ல மனிதர்" என்பது ஆவணம் ஆகாது.

அழைப்பதற்கு முன் கோப்பில் இருக்க வேண்டியவை: பயிற்றுநரின் விண்ணப்பக் கடிதம், ஆதார் நகல், புகைப்படம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் என்றால் அந்த அட்டையின் நகல், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கோ முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கோ தெரிவித்து அனுமதி பெற வேண்டுமா என்பதைத் தலைமையாசிரியர் மூலம் கேட்டு, பதிலையும் கோப்பில் வையுங்கள். நன்னடத்தைச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் சரிபார்ப்பு சேவை இருக்கிறது; பயிற்றுநரே விண்ணப்பிக்கலாம். உடனே கைக்கு வராது என்பதால் பயிற்சி தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே போடச் சொல்லுங்கள். கலைஞருக்கு இணையம் பழக்கமில்லை என்றால் உடன் உட்கார்ந்து நீங்களே நிரப்பிக் கொடுங்கள். வயதில் மூத்த வாத்தியார்கள் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதுண்டு. "எல்லாருக்கும் இதே விதிதான் ஐயா, எங்களுக்கும் உண்டு" என்று பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பயிற்சியின்போது நீங்களோ உடன் பொறுப்பாளரோ அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒரு அசைவைத் திருத்தக் குழந்தையைத் தொட வேண்டியிருந்தால், முதலில் வாயால் சொல்வது, பிறகு ஆடிக் காட்டுவது என்று வாத்தியாரிடம் முன்பே பேசிவிடுங்கள். 1098, 14417 ஆகிய உதவி எண்களைப் பயிற்சி இடத்துச் சுவரிலும் எழுதிப் போடுங்கள். முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது கல்வித் துறையுடையது.

யாரை எப்போது தேடுவது? பங்குனி தொடங்கி ஆடிவரை கூத்துக்காரர்கள் இரவில் ஆடிப் பகலில் தூங்குகிறார்கள். அப்போது போனால் "பார்க்கலாம் டீச்சர்" என்ற பதில்தான் வரும். ஆவணியில் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள். ஆள் தெரியவில்லை என்றால் கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளியில் கேட்கலாம். பரதநாட்டியம், மிருதங்கம், தவில், நாதசுரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டல அலுவலகத்திலும் நம் பக்கத்துக் கலைஞர்களைப் பற்றி விசாரிக்கலாம்.

6. எவ்வளவு செலவாகும்?

பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றுக்கு, எங்கள் பக்கத்தில் நான் பார்த்த நிலவரத்தைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் சற்று ஏறி இறங்கலாம். உடை வாடகை ஆளுக்கு 300 ரூபாய் என்றால் 3,000. ஒப்பனைக்காரர் 2,000. பயிற்றுநருக்கு ஓர் அமர்வுக்கு 500 வீதம் பத்து அமர்வுக்கு 5,000. பாட்டு வெட்டி ஒட்ட 500. போட்டி நாள் சாப்பாடு 1,200. வேன் 4,500. ஆக, 16,000 ரூபாயைத் தாண்டும்.

இதைப் பாதியாக்கலாம். வேட்டி, துண்டு, பாவாடை, தாவணி வீடுகளிலேயே இருக்கும். ஒரே நிறத்தில் இடுப்புத் துணி மட்டும் ஜவுளிக் கடையில் வெட்டி வாங்கித் தையல் ஆசிரியரிடம் கொடுத்தால் 1,000 ரூபாயில் முடியும். ஒப்பனையை ஆசிரியைகளே போடலாம்; மேடை விளக்கு பெரிதாக இல்லாத வட்டாரப் போட்டிக்கு அவ்வளவு பூச்சு தேவையே இல்லை. வேனுக்குப் பதில் பஸ். பயிற்றுநர் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பள்ளிக்கூடம்தானே, சேவையாகச் செய்யட்டும் என்று கலைஞரிடம் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். அவருக்கு அது ஒரு நாள் கூலி.

உடை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் ஒரு பொறி இருக்கிறது. மாவட்டம் முழுக்க ஒரே நாளில் போட்டி என்பதால் எல்லாப் பள்ளிகளும் அதே கடைகளைத்தான் முற்றுகையிடும். முன்பணம் கொடுத்தும் கடைசி நேரத்தில் "சைஸ் இல்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று வேறு நிறத்தை நீட்டிய கடையை எனக்குத் தெரியும். ரசீதில் நிறம், அளவு, எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்குங்கள். வட்டாரத்தில் வென்றால் மாவட்டப் போட்டிக்கு மறுபடி தேவைப்படும். அந்தத் தேதிக்கும் பேசி வைத்துக்கொண்டு, தோற்றால் பணம் கட்டத் தேவையில்லை என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். வாங்கும்போதே கிழிசல், உதிர்ந்த மணி எல்லாவற்றையும் கடைக்காரர் எதிரில் போட்டோ எடுங்கள். இல்லாவிட்டால் வைப்புத் தொகை திரும்பாது.

பணம் எங்கிருந்து? பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர்கள் என்ற வரிசையில் கேளுங்கள். எதுவாக இருந்தாலும் பள்ளிக் கணக்கு வழியாக வரட்டும். உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு யாரும் அனுப்ப வேண்டாம். நல்லெண்ணத்தில் அனுப்பியதே பின்னால் புகாராக வரும். குழந்தைகளிடம் வசூலிக்கவே கூடாது. பத்து ரூபாய்க்குக்கூட ஒரு குழந்தை வராமல் நின்றுவிடும், காரணமும் சொல்லாது.

7. எமிஸ் பதிவு

போட்டியாளர் விவரங்களை எமிஸில், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறை இணையதளத்தில், ஏற்ற வேண்டும். பள்ளியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவரை இப்போதே பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவுக்குக் கெடு உண்டு. கெடு நாள் மாலையில் மாநிலமே உள்ளே நுழையப் பார்ப்பதால் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு உட்காருங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையின் பெயர் எழுத்து, பிறந்த தேதி, வகுப்பு மூன்றும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எமிஸில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சான்றிதழிலும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து விட்டுப்போன சான்றிதழைத் திருத்துவதற்கு அலைவது தனிக் கதை. பிரிவின் பெயரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். தனி நடனம், குழு நடனம், செவ்வியல், நாட்டுப்புறம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும், விரல் தவறினால் போச்சு. முடித்ததும் திரையை அச்செடுத்துக் கோப்பில் சேருங்கள். சந்தேகம் என்றால் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரைக் கேளுங்கள். அவர்கள் போன் எப்போதும் பேச்சில் இருக்கும். நேரில் போவது விரைவு.

8. போட்டி நாள்

கையில் இருக்க வேண்டிய கோப்பு: தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள குழுப் பட்டியல், எமிஸ் அச்சு, மாணவர் ஒவ்வொருவருக்கும் படிப்புச் சான்று, பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள், பெற்றோர் போன் எண்கள், உங்கள் ஓ.டி. உத்தரவு, அந்த ஆண்டுச் சுற்றறிக்கையின் முழு நகல். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்பதில் நிகழ்விடத்தில் தகராறு வந்தால் சுற்றறிக்கையைக் காட்டிப் பேசுபவர்தான் ஜெயிப்பார். போட்டி முடிந்து அங்கிருந்து கிளம்பும் முன் வருகைச் சான்று வாங்க மறக்காதீர்கள்.

பயணம்: மாணவருக்கான இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டுமே செல்லும். போட்டி நடக்கும் ஊருக்குச் செல்லாது. மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. புறநகர்ப் பேருந்தில் உண்டு. மாணவர்களுக்கு டிக்கெட் காசு எடுத்து வையுங்கள். வேன் என்றால் தகுதிச் சான்று, காப்பீடு, பயணிகள் அனுமதி மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று நகல் கேளுங்கள். தக்காளி ஏற்றும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த பள்ளியையும் பார்த்திருக்கிறேன்.

அஞ்செட்டி, தளி, ஏரியூர் போன்ற ஓரத்துப் பள்ளிகளுக்கு மாவட்டப் போட்டி நாள் நீண்டது. விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகே திரும்ப முடியும். சீக்கிரம் ஆடி முடிக்கும்படி முன்னதாக ஒரு வரிசை எண் கேட்டுப் பாருங்கள். தூரத்துப் பள்ளி என்று சொன்னால் சில ஒருங்கிணைப்பாளர்கள் இரங்குவார்கள். திரும்பும்போது ஒவ்வொரு குழந்தையும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்.

பாட்டு: ஒரு பென் டிரைவில் அந்த ஒரு பாட்டை மட்டும் எம்பி3 வடிவில் போடுங்கள். வேறு எந்தக் கோப்பும் இருக்கக் கூடாது. பல ஊர் ஒலிபெருக்கிகள் முதல் கோப்பைத்தான் முதலில் எடுக்கும். உங்கள் பாட்டுக்குப் பதில் யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ அலறும். அதே போல இன்னொரு பென் டிரைவ், உங்கள் போனில் ஒரு பிரதி. பாட்டின் தொடக்கத்தில் மூன்று வினாடி அமைதி விட்டால் குழந்தைகள் நின்ற இடத்தில் நிதானிப்பார்கள். பாதியில் மின்சாரம் போனால் ஆட்டத்தை நிறுத்தாமல் கைத்தாளத்தோடு தொடரப் பழக்கியிருங்கள். கும்மி, கோலாட்டம் எடுத்தவர்களுக்கு இது இயல்பாக வரும்.

உடை மாற்றும் இடம்: போனவுடன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது. கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் மூன்றையும் பாருங்கள். சரியில்லை என்றால் இரண்டு பழைய புடவைகளை மறைப்பாகக் கட்டிக்கொள்ளலாம், எடுத்துப் போங்கள். ஊக்கு இரண்டு அட்டை, கறுப்பு நூல் ஊசி, சலங்கைக்கு மாற்றுக் கயிறு, குளுக்கோஸ், வலி நிவாரணி தெளிப்பான், நாப்கின். ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இட்லியோடு நிறுத்துங்கள். பரோட்டா ஆடி முடித்த பிறகு.

9. முடிவு வந்த பிறகு

தோற்றால் நடுவர்களிடம் சண்டைக்கு நிற்காதீர்கள், குழந்தைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விதிமீறல் என்றால் மட்டும், சுற்றறிக்கை எண்ணைக் குறிப்பிட்டு ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

வென்றால் அடுத்த நிலைக்கு இடைவெளி குறைவாகவே இருக்கும். ஆதார் நகல், புகைப்படங்கள், வங்கிக் கணக்குப் புத்தக நகல் எல்லாவற்றையும் அன்று மாலையே கேட்டுவிடுங்கள். மாநிலப் போட்டிக்கு வெளியூரில் தங்க வேண்டிவரும். அதற்குப் பெற்றோரிடம் புதிதாக ஒரு ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும், பழையது செல்லாது.

உண்மையிலேயே ஆட்டத்தில் ஆர்வமுள்ள குழந்தையை அடையாளம் கண்டால் இரண்டு வழிகள் உண்டு. 5 முதல் 16 வயதுவரை உள்ளவர்களுக்குக் கலைப் பயிற்சி தரும், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம். மாவட்ட மையம் எங்கே இயங்குகிறது என்று விசாரியுங்கள். 12 வயதைத் தாண்டியவர்களுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு. அது தினமும் போக வேண்டிய படிப்பு என்பதால் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கே பெரும்பாலும் ஒத்துவரும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கு மாவட்ட அளவில் கலை இளமணி விருதும் இருக்கிறது. அறிவிப்பு நாளிதழில் சிறு செய்தியாக வந்து போய்விடும். சான்றிதழ் நகல்களைத் தனியே தைத்து வைத்திருந்தால் அப்போது தேட வேண்டியதில்லை.

செலவுக் கணக்கைப் போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் ரசீதுகளுடன் ஒப்படைத்துத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரசீது தராத சின்னக் கடைகளுக்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். வாடகை உடையை மறுநாளே திருப்பிவிடுங்கள். அட்டைக் கிரீடங்களைச் சாக்கில் கட்டி, எலி எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மே மாத விடுமுறைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் குழுவில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஜூனில் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மேல்நிலைப் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். யார் மீதி என்று ஒரு பட்டியல் எழுதி, நடனப் பொறுப்பு அடுத்த ஆண்டு யாருக்குப் போனாலும் கிடைக்கும்படி கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.